20 வயது ஜட்கா குதிரை: வைத்துக்கொள்வதா, கைமாற்றுவதா?

பவானிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஆடு, மாடு பற்றிய இழைகளை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது ஒரு குதிரைக்காக யோசனை கேட்டு வந்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் 40 வருடம் ஜட்கா ஓட்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். நான் முதல் வகுப்புக்குப் போனதே அவருடைய வண்டியில்தான். ஆட்டோக்கள் பெருகியதும் சவாரி குறைந்தது. பிறகு சந்தைக்கு மூட்டை ஏற்றினார். கடைசியில் கோயில் திருவிழாவுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் மட்டும் வண்டி பூட்டினார். மாசி மாதம் காலமாகிவிட்டார். மகன்கள் இருவருக்கும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, வாடகை வீடு. குதிரைக்கு இடம் ஏது?

தரகர் ஒருவர் வந்தார். உதட்டைப் பிரித்துப் பல்லைப் பார்த்தார், கண்ணுக்குக் கீழே விரலால் தடவினார். "வயதும் போய்விட்டது, கண்ணீர் இறங்குகிற இடத்தில் சுழியும் இருக்கிறது, வீட்டுக்கு ஆகாது" என்று சொல்லி 4,000 ரூபாய் பேசினார். எங்கே கொண்டுபோவீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. அந்த 4,000 ரூபாயை நானே கொடுத்துக் கயிற்றைக் கையில் வாங்கிவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் 12 சென்ட் இடம், ஒரு வேப்பமரம், பழைய மாட்டுக் கொட்டகை. பெட்டைக் குதிரை. பெரியவர் செவலை என்று கூப்பிடுவார், நானும் அப்படியே கூப்பிடுகிறேன். கொட்டகை வாசல் வரை வருகிறாள், உள்ளே கால் வைப்பதில்லை. மழையிலும் வேப்பமரத்தடியில்தான் நிற்கிறாள். தீனி தின்கிறாள், ஆனால் விலா எலும்பை எண்ணலாம். தொட்டிக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவில் ஈரமான புல் உருண்டைகள் கிடக்கின்றன. முன்கால் இரண்டிலும் கணுவுக்கு முன்பக்கம் தோல் உரிந்திருக்கிறது. யாரோ அடித்த பழைய காயம் என்று நினைத்தேன். இந்த வாரம் அதே இடத்தில் புது ரத்தம்.

இன்னொன்று. தினமும் மாலை 4 மணிக்கு வேலிப் படலுக்குப் போய், காது இரண்டையும் சாலைப் பக்கம் நீட்டி நிற்கிறாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். பெரியவர் பள்ளிச் சவாரியை விட்டுப் பல வருடம் ஆகிறது.

வைத்துக்கொள்ளலாமா? எனக்குக் குதிரை தெரியாது.

அந்தியூர்ச்சந்தை

கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணன். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்கு 30 வருடமாகப் போய்வருகிறேன். மார்வாரி, காத்தியவாரி, நொக்ரா என்று பல வகைக் குதிரைகள் என் லாயத்தில் நின்றிருக்கின்றன. அதனால் சொல்கிறேன். தெரிந்தவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

இரக்கப்பட்டு அவிழ்த்து வந்த குதிரைகள் செத்ததைப் பலமுறை பார்த்துவிட்டேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் சோறு, வெல்லம், வாழைப்பழம் என்று ஊட்டுவார்கள். ஒருநாள் ராத்திரி வயிறு இழுத்துப் பிடிக்கும், விடிவதற்குள் முடிந்துவிடும். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆசைதான் கொன்றது. தீனி, லாடம், மருந்து எல்லாம் சேர்த்தால் நாளுக்கு 300 ரூபாய் என்று வையுங்கள். நல்லபடியாகப் பார்த்தால் இன்னும் ஆறேழு வருடம் இருப்பாள். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தீர்களா?

குதிரை தனியாக நிற்கிற பிராணியும் இல்லை. உங்கள் கொல்லையில் அவளுக்கு யார் துணை?

கால்நடைக் கணக்கெடுப்பில் 2012இல் நாடு முழுவதும் 6.25 லட்சம் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் இருந்தன. 2019இல் 3.4 லட்சம். வண்டி நின்றது, கூடவே குதிரையும் போனது. இதைச் சொல்லும்போது எனக்கும் வயிறு எரிகிறது.

ஓய்வுபெற்ற_கால்நடை_மருத்துவர்

தம்பி பவானிக்கரை, குதிரை தெரியாது என்கிறீர்கள். ஆனால் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் புல் உருண்டை. குதிரையின் கடைவாய்ப்பல் தேயத் தேய ஈறிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கும். மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல். அதனால் மேல்பல்லின் வெளி ஓரமும் கீழ்ப்பல்லின் உள் ஓரமும் தேயாமல் கத்திபோலக் கூர்மையாகிவிடும். மேலே உள்ளது கன்னத்தைக் கிழிக்கும், கீழே உள்ளது நாக்கை அறுக்கும். பசி இருக்கிறது, மென்றால் வலிக்கிறது, பாதியில் துப்பிவிடுகிறாள். குதிரை பார்க்கத் தெரிந்த மருத்துவரைக் கூப்பிட்டு அரத்தால் ராவச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. அதுவரை தீவனத்தை ஊறவைத்துக் கூழாகக் கொடுங்கள்.

அந்தச் சமயத்தில் வயதையும் பார்த்துவிடலாம். மேல்வரிசை ஓர வெட்டுப்பல்லில் நீளவாக்கில் ஒரு பழுப்புக் கோடு இருக்கும். 10 வயதை ஒட்டி ஈறோரம் தோன்றும், 15இல் பாதிப் பல்லுக்கு இறங்கும், 20இல் நுனியைத் தொடும். அதன் பிறகு மேலிருந்து மறையத் தொடங்கும். கிட்டத்தட்டச் சொல்லலாமே தவிர, மாதக் கணக்கு வராது.

கொட்டகை. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் குதிரையின் கண் பழக நம் கண்ணைவிட அதிக நேரம் பிடிக்கும். உள்ளே இருப்பது மாட்டுத் தொட்டியா, படுகுழியா என்று வாசலில் நிற்கிறபோது அவளுக்குத் தெரியாது. எதிர்ச்சுவரில் ஒரு பக்கத்தை இடித்துவிடுங்கள். வெளிச்சம் ஊடுருவட்டும், வெளியேற இன்னொரு வழி இருப்பது அவள் கண்ணில் படட்டும். இழுத்து உள்ளே தள்ளாதீர்கள்.

முன்கால் காயம். இதை வாசித்ததும் எனக்கு மனம் கனத்துவிட்டது. யாரும் அவளை அடிக்கவில்லை. குதிரை நின்றபடியே தூங்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. முழங்கால் பூட்டிக்கொள்ளும் அமைப்பு இருப்பதால் நின்றபடி கண்ணயரும். ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குத் தரையில் படுத்தே ஆகவேண்டும். அதுவும் சிறிது நேரம் போதும். படுத்த குதிரை எழுந்து ஓட நேரமாகும், ஆகையால் பாதுகாப்பு என்று நம்பாத இடத்தில் அது படுக்காது. நாள்கணக்கில் படுக்காமல் இருந்தால் நின்றுகொண்டே ஆழ்ந்த தூக்கத்தில் விழும். கால் மடங்கும், முன்கணு தரையில் உரசும், திடுக்கிட்டு எழும். அப்படி வருகிற காயம்தான் இது. செவலை உங்கள் வீட்டுக்கு வந்தபின் ஒருநாள்கூடப் படுக்கவில்லை என்று நினைக்கிறேன். ராத்திரி ஒளிந்திருந்து பாருங்கள்.

சந்தைக்காரர் துணை பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. நல்ல குதிரைக் கூட்டத்தில் ஒன்று நின்று காவல் பார்க்கும், மற்றவை படுக்கும். இன்னொரு குதிரை முடியாவிட்டால் ஓர் ஆடாவது வாங்கிக் கட்டுங்கள்.

சுழியை மறந்துவிடுங்கள். ரோமம் எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்பது தாய் வயிற்றிலேயே தீர்ந்துவிடுகிறது. மனிதருக்குக் கைரேகைபோல, குதிரையின் அடையாளச் சான்றிதழில் சுழிகள் இருக்கும் இடத்தைக் குறித்துவைக்கிறோம். அவ்வளவுதான்.

பவானிக்கரை

ஐயா, நேற்று ராத்திரி 11 மணியிலிருந்து 4 மணி வரை மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தேன். படுக்கவே இல்லை. 2 மணிக்கு மேல் தலை தொங்கியது, கீழுதடு தளர்ந்தது, முன்கால் நீங்கள் சொன்னபடியே மடங்கி மண்ணில் குத்தியது. பதறி நிமிர்ந்தாள். மூன்று முறை. கீழே இறங்கிப் போய்க் கழுத்தில் கை வைத்துக்கொண்டு நின்றேன். நான் நின்றவரை விழவில்லை.

வரப்புமேடு

பவானிக்கரை அண்ணன், தீவனச் செலவில் எனக்கும் ஒரு பங்கு போடுங்கள். காரணம் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் நெல்வயலில் களை எடுக்கும்போது கண்ணாடி விரியன் கடித்தது. ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது, சிறுநீர் காப்பி நிறத்தில் போனது. 20 குப்பி மருந்து ஏற்றினார்கள். பிழைத்து வந்தபின்தான் அந்தக் குப்பிக்குள் இருந்தது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்தையும் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றுகிறார்கள். குதிரையின் உடம்பு விஷமுறிவை உண்டாக்குகிறது. கழுத்து நாளத்தில் ரத்தம் எடுத்து, அதன் தெளிநீரைச் சுத்தம் செய்து பொடியாக்குகிறார்கள். அந்த விஷத்தில் பெரும்பகுதி மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர்கள் நடத்தும் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. 1978இல் தொடங்கிய சங்கம்.

குதிரைக்கு இப்போது வேலை இல்லை என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். ஏதோ ஒரு லாயத்தில் நிற்கிற, பெயர்கூடத் தெரியாத குதிரைகளின் ரத்தத்தால்தான் என் பிள்ளைகளுக்கு இன்று அப்பா இருக்கிறான். கொழுக்கட்டைப்புல் வைக்கோல் என்னிடம் போர் போராக இருக்கிறது. சனிக்கிழமை டெம்போவில் அனுப்புகிறேன்.

அந்தியூர்ச்சந்தை

வரப்புமேடு, நான் எழுதியது வண்டியைப் பற்றி. நீங்கள் சொன்னது எனக்குத் தெரியாத செய்தி. கைகூப்புகிறேன்.

மலைக்காற்று

ஏன் இத்தனை சிரமம்? எங்கள் மலைப்பக்கம் கொண்டுவந்து விட்டுவிடலாமே. சவாரிக் குதிரைகள் பல தெருவில் சுதந்திரமாகத்தான் திரிகின்றன. மிஞ்சிய காலத்தை அவள் இஷ்டப்படி வாழட்டும். கட்டிப்போட்டு வளர்ப்பதைவிட அது மேல் என்று தோன்றுகிறது.

நெடுந்தீவுக்காரி

மலைக்காற்று, தயவுசெய்து அந்த யோசனையை விட்டுவிடுங்கள். அவிழ்த்துவிட்ட குதிரைகளின் வம்சத்தோடு வளர்ந்தவள் நான்.

எங்கள் நெடுந்தீவு யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, குறிகாட்டுவான் துறையிலிருந்து படகில் ஒரு மணித்தியாலம். குதிரைகளைப் போர்த்துக்கீசர் கொண்டுவந்தார்கள், ஒல்லாந்தர் பெருக்கினார்கள், ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி பொறுப்பில் இருந்தார் என்று கதைப்பார்கள். லாயத்தின் கல்தூண்கள் இன்றைக்கும் நிற்கின்றன. குதிரை வளர்ப்பு நின்றுபோனபோது கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவற்றின் பேரப்பிள்ளைகள்தான் தெற்குப் பக்க வெளியில் இப்போது மேய்கின்றன. படம் எடுக்க வருகிறவர்களுக்கு அது சொர்க்கம். கடல், புல்வெளி, பிடரி பறக்க ஓடும் குதிரை.

மாரியில் வந்தால் நானும் அப்படித்தான் சொல்வேன். கோடையில் வந்து பாருங்கள். தீவில் ஆறு இல்லை, நன்னீர் குறைவு. குட்டைகள் வற்றினால் சேறு வெடிக்கும். சிறுமியாக இருந்தபோது ஒரு குட்டைக்குள் தாய்க்குதிரை சேற்றில் வயிறு வரை புதைந்து கிடந்ததைப் பார்த்தேன். குட்டி கரையில் நின்று கனைத்துக்கொண்டே இருந்தது. அப்பாவும் இன்னும் நான்கு பேரும் பனை மட்டையை அடியில் போட்டுக் கயிறு கட்டி இழுத்தார்கள். கரைக்கு வந்துவிட்டது, எழும்பவில்லை. அம்மா வீட்டுக் கிணற்றிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுபோய்க் குட்டிக்கு வைத்தாள். அது அவளிடம் வர இரண்டு நாள் எடுத்தது.

அந்தக் குதிரைகள் பல தலைமுறையாகப் பழகியவை, அவற்றுக்கே இந்தப் பாடு. செவலை 20 வருடம் வாளியில் தண்ணீர் குடித்தவள். எந்தச் செடி நஞ்சு, எங்கே தண்ணீர் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? லொறிச் சத்தத்துக்கு ஒதுங்காமல் நிற்கத்தானே அவளைப் பழக்கினோம்.

மலைக்காற்று

ஒப்புக்கொள்கிறேன் அக்கா. இன்று காலை எங்கள் பஸ் நிலையத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். குப்பைத்தொட்டியில் தலை விட்டுப் பொட்டலக் காகிதத்தைப் பிளாஸ்டிக்கோடு மென்றுகொண்டிருந்தது ஒரு குதிரை. தினமும் அந்த வழியாகப் போகிறேன், இத்தனை நாள் நின்று பார்க்கவில்லை.

ஏட்டுச்சுவடி

தீனி விஷயத்தில் வரலாற்றிலிருந்து ஒரு செய்தி. நம் ஊருக்குக் குதிரை பெரும்பாலும் கடல்வழியாகத்தான் வந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பலில் வந்து இறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்து, அதாவது இன்றைய கேரளப் பக்கத்து, குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுக்கு 2,000க்கும் மேல் குதிரை வாங்குகிறார்கள், வருடம் முடிவதற்குள் 100கூட மிஞ்சுவதில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். அவர் சொல்லும் காரணம்: பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லை, லாடம் கட்டத் தெரிந்தவர்கள் இல்லை, இறைச்சியோடு சோறு வேகவைத்துப் போட்டார்கள். குதிரை மருத்துவம் தெரிந்தவர்கள் இங்கே வந்துவிடாதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டார்களாம். செத்தால்தானே அடுத்த கப்பல் விற்கும்.

பொன் கொடுத்து வாங்கத் தெரிந்தது, புல் போடத் தெரியவில்லை. அதே சோற்றை இன்று ஆசையாக ஊட்டுகிறோம் என்று சந்தைக்காரர் எழுதியதை வாசித்தபோது 700 வருடம் ஒரு நொடியில் கடந்ததுபோல இருந்தது.

ஓய்வுபெற்ற_கால்நடை_மருத்துவர்

அதனால்தான் தீனியைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டம் வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுங்கள். கிலோவில் எடை வரும். சுற்றளவு 152, நீளம் 140 என்றால் 272 கிலோ. நூற்றுக்கு இரண்டு வீதம், ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ காய்ந்த தீவனம் ஒருநாளைக்கு. அதை ஐந்தாறு வேளையாகப் பிரியுங்கள். குதிரையின் இரைப்பை சிறியது, நாள் முழுதும் கொறிக்கப் படைக்கப்பட்ட உடம்பு. கொள்ளை ஊறவைத்து அவித்துக் கையளவில் தொடங்குங்கள். அருகம்புல் கொடுக்கலாம், மண் போக அலசிவிட்டு. வரப்புமேடு அனுப்பும் கொழுக்கட்டைப்புல் நல்லது, ஆனால் மாதக்கணக்கில் அதை மட்டுமே போட்டால் சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராமல் எலும்பு கெடும். குதிரைமசால் கலந்துகொள்ளுங்கள்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுக்குள் போனது முன்னால் போயாக வேண்டும். தரையைக் காலால் பறித்தாலோ, திரும்பித் திரும்பி விலாவைப் பார்த்தாலோ, படுத்துப் புரண்டாலோ, லத்தி போடாமல் இருந்தாலோ, தீனியை எடுத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி முக்கியம், ஆணிக்காயம் ஒன்று போதும் குதிரையைக் கொல்ல. கிளாண்டர்ஸ் பரிசோதனைக்கு ரத்தமும் எடுக்கச் சொல்லுங்கள். அது மனிதருக்கும் தொற்றும் நோய்.

கரும்பலகை

மாலை 4 மணி பற்றி யாரும் எழுதவில்லையே. நான் ஆசிரியை, அதனால் அதிலேயே மனம் நிற்கிறது.

1904இல் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கூட்டல் கழித்தல் போடுகிறது என்று உலகமே பேசியது. வில்ஹெல்ம் வான் ஆஸ்டன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் வளர்த்தது. விடை எத்தனையோ அத்தனை முறை குளம்பைத் தட்டும். ஆஸ்கர் பஃபுங்ஸ்ட் என்பவர் ஆராய்ந்து 1907இல் உண்மையைச் சொன்னார். கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியாது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தன்னை அறியாமல் இம்மியளவு நிமிரும், அதைப் பார்த்து ஹான்ஸ் நிறுத்திவிடும். ஏமாற்று வெளிப்பட்டது என்று பாடப்புத்தகங்களில் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மனிதருக்கே தெரியாத அசைவை ஒரு குதிரை படித்தது. எந்தக் கணக்கைவிடவும் அது பெரிது.

செவலைக்குக் கடிகாரம் தெரியாது. ஆனால் 4 மணிக்குத் தெருவில் ஏதோ மாறுகிறது. மணிச் சத்தம், பிள்ளைகளின் குரல், ஒருவேளை அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் யாரோ எழுந்து நடப்பது. அவள் அதைக் கேட்டு வேலைக்குத் தயாராகிறாள். அந்த நேரத்துக்கு அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். பாரம் இல்லாமல், வண்டி இல்லாமல், கயிற்றைப் பிடித்துப் பள்ளிக்கூட வாசல் வரை நடத்திப் போய்வாருங்கள்.

பவானிக்கரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

பல் ராவியாகிவிட்டது. பழுப்புக் கோடு மேல்பக்கம் மறையத் தொடங்கியிருக்கிறது, 22 வயது இருக்கும் என்றார் மருத்துவர். ரத்தப் பரிசோதனையில் நோய் இல்லை. கொட்டகையின் கிழக்குச் சுவரை இடித்தோம். மறுநாளே ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனாள். அப்படியே பத்துப் பன்னிரண்டு முறை, சின்னப் பிள்ளை புது வீட்டைச் சுற்றுவதுபோல. 4 மணிக்கு என் மகள் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள், பள்ளி வாசல் வரை போய்வருகிறோம். அங்கே போனதும் தானாக நின்று, இடது பக்கம் உடம்பைச் சாய்த்துக்கொடுக்கிறாள். பிள்ளைகளை ஏற்ற ஜட்காவை ஓரங்கட்டுகிற பக்கம் அது.

வெள்ளாடு ஒன்று வாங்கினேன். முதல் இரண்டு நாள் செவலை காதைப் பின்னுக்கு மடக்கினாள். மூன்றாம் நாள் ஆடு அவள் வாளியில் தண்ணீர் குடித்தது, விட்டுவிட்டாள்.

நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்கு எழுந்து பார்த்தபோது வேப்பமரத்தடியில் அவள் இல்லை. டார்ச் எடுத்துக்கொண்டு ஓடினேன். கொட்டகைக்குள் வைக்கோல்மேல் முழு உடம்பும் தரையில் சாயப் படுத்திருந்தாள். வயிற்றோடு ஒட்டி ஆடு. செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். அப்புறம்தான் பின்கால் நடுங்கியதைப் பார்த்தேன், கனவில் ஓடுகிறதுபோல. மூக்கிலிருந்து மெல்லிய சத்தம். டார்ச்சை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கணுக்காயம் இன்று காய்ந்திருக்கிறது.

ஒரு சந்தேகம் மட்டும். வண்டி இழுக்காதவளுக்கு லாடம் தேவையா?

அந்தியூர்ச்சந்தை

தேவையில்லை அண்ணன். ஆனால் நீங்களாகக் கழற்றாதீர்கள், குளம்பு பிளந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை நான் வருகிறேன். எங்கள் லாடக்காரரையும் கூட்டி வருகிறேன், அரமும் இடுக்கியும் அவரிடம் உண்டு. வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடலாம். ஆட்டைப் பக்கத்திலேயே கட்டிவையுங்கள், அது இருந்தால் கால் கொடுப்பாள்.